ஒரே ஆட்டத்தில் 4 ஹோம் ரன்: பேஸ்பாலில் ஏன் இவ்வளவு அரிது?

கடந்த 2025 ஏப்ரல் 26ஆம் தேதி, அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியின் யுஹேனியோ சுவாரஸ் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். அவரது நான்காவது ஹோம் ரன் ஒன்பதாவது இன்னிங்சில் ஆட்டத்தைச் சமன்செய்தது.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் முதன்முதலாக 1894ல் பாபி லோ இச்சாதனையைப் படைத்தார். அன்று முதல் 2025 பருவம் முடியும் வரை 21 பேர் மட்டுமே இதைச் செய்துள்ளனர். இத்தனைக்கும், இப்போது ஒரு பருவத்தில் மட்டும் 2,430 ஆட்டங்கள் நடக்கின்றன. ஐந்து ஹோம் ரன் அடித்தவர் எவருமில்லை.

பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் ஹோம் ரன், கிரிக்கெட்டின் சிக்சரைப் போன்றது. ஆனால், கிரிக்கெட்டில் ஆட்டமிழக்கும் வரை தொடர்ந்து விளாசலாம். பேஸ்பாலில் ஹோம் ரன் அடித்தவரும் போய் உட்கார வேண்டும். மற்ற எட்டுப் பேரும் ஆடிய பிறகே மீண்டும் அவர் முறை வரும். ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் நான்கைந்து வாய்ப்புகளே கிடைக்கும். அவற்றில் நான்கை ஹோம் ரன்னாக மாற்ற வேண்டும்.

அதனால் திறமை மட்டும் போதாது. வாழ்நாளில் 762 ஹோம் ரன் அடித்த பேரி பாண்ட்ஸ், 755 அடித்த ஹேங்க் ஆரன், 714 அடித்த பேப் ரூத் ஆகிய மூவருக்கும் இது வாய்க்கவில்லை. மொத்தமே 105 ஹோம் ரன் அடித்த மார்க் வைட்டனுக்கு 1993ல் வாய்த்தது.

ஒரே ஆட்டத்தில் ஒரு பேஸ், இரு பேஸ், மூன்று பேஸ் அடிகளுடன் ஒரு ஹோம் ரன்னும் அடிப்பது ‘சைக்கிள்’ எனப்படும். கேட்பதற்கு இதுவே கடினமாகத் தோன்றும். ஆனால், இது 300க்கும் அதிகமான முறை நிகழ்ந்துள்ளது. இதற்கு ஒரு ஹோம் ரன் போதும் என்பதே காரணம்.

ஒரே ஒருமுறை நிகழ்ந்ததும் உண்டு. மூன்று பேசிலும் ஆட்கள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்னுக்கு ‘கிராண்ட் ஸ்லாம்’ என்று பெயர். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் 1999 ஏப்ரல் 23ஆம் தேதி ஒரே இன்னிங்சில், ஒரே பந்துவீச்சாளரின் பந்தில், இரண்டு கிராண்ட் ஸ்லாம் அடித்தார்.

அரிய சாதனைகள் சீரான இடைவெளியில் வருவதுமில்லை. 2017க்குப் பிறகு ஏழாண்டுகளாக யாரும் நான்கு ஹோம் ரன் அடிக்கவில்லை. பிறகு 2025ல் சுவாரஸ், நிக் கர்ட்ஸ், கைல் ஷ்வார்பர் என ஒரே பருவத்தில் மூவர் அடித்தனர்.

அம்மூவரில் சுவாரசுக்கு மட்டும் வெற்றி கிட்டவில்லை. பத்தாவது இன்னிங்சில் அட்லாண்டா பிரேவ்ஸ் 8-7 என்று வென்றது. இதற்கு முன் 1896ல் எட் டெலஹன்டி, 1986ல் பாப் ஹார்னர் ஆகியோரும் நான்கு ஹோம் ரன் அடித்துத் தோல்வியுடன் வீடு திரும்பியவர்களே.