கூழும் யாழும்

பள்ளிக்கூட நேரசூசியில் வரலாற்றுக்கு ஒரு பாடவேளை, இலக்கியத்துக்கு ஒரு பாடவேளை, சங்கீதத்துக்கு மற்றொரு பாடவேளை என வகுத்து வைத்திருக்கின்றார்கள். தின்பண்டத்துக்கோ பாடவேளையே இல்லை. இடைவேளை மணி ஒன்றே அதற்கு உரியது. பரீட்சையின் பொருட்டு இப்பிரிவினை வேண்டியதுதான். ஆயினும் மாணவராகிய நாம் பாடநூலை மூடிவைத்துச் சற்றே சிந்திப்போமாயின், இந்நான்கும் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடப்பதைக் காண்போம். கொறிக்கும் பண்டத்திலே வரலாறு இருக்கின்றது. நாட்டின் பெயரிலே இசை இருக்கின்றது. அவ்விசையைக் காத்துத் தந்ததோ இலக்கியம்.

கச்சானும் பாணும்

நல்லூர்க் கந்தன் திருவிழா 25 நாட்கள் நடைபெறுவது. கோயில் வீதிகளிலே மேளச்சமா கேட்க அமர்ந்தோர் கையிற் கச்சான் பொட்டலம் இல்லாதிருப்பது அரிது. தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) தோன்றிய மண் அன்றோ? லயமும் கச்சானும் இங்கே கூடப்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் கச்சானோ தென்னமெரிக்காவிற் பிறந்து கடல் கடந்து வந்த பயிர். மிளகாய், மரவள்ளி, பப்பாசி, கொய்யா, அன்னாசி ஆகியவையும் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியவை. கொலம்பஸ் 1492இல் அத்திசைக்கு வழி கண்ட பின்னரே அவை நம் கரைகளை அடைந்தன. ஆதலின், ஆதியிலே நல்லூரில் அரசோச்சியோர் உண்ட கறிக்குக் காரம் தந்தது மிளகேயன்றி மிளகாய் அன்று. புதிதாக வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரையே சூட்டி, அதனைத் தனதாக்கிக் கொண்டது தமிழ்.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். நல்லூர்க் கோயிலை இடித்தனர். இதனைப் படித்து உள்ளங் கொதிக்கின்ற நாமே, காலையிற் பாணைப் பிய்த்துண்ணும்போது அவர்களுடைய சொல்லையே உச்சரிக்கின்றோம். கதிரை, அலுமாரி, சப்பாத்து, விசுக்கோத்து யாவும் அவ்வழி வந்தவை. 1658இல் அவர்களை வென்ற ஒல்லாந்தர் நமக்குக் 'கந்தோர்' என்னுஞ் சொல்லை விட்டுச் சென்றனர். இதில் நாணுதற்கு யாதுமில்லை. கோட்டைகள் சிதைந்த பின்னும், அக்கோட்டைகளைக் கட்டியோரின் சொற்கள் அடுக்களையிலே வாழ்கின்றன என்பதே நாம் அறிய வேண்டியது.

மாலைத் தேநீருக்கும் இவ்வாறே ஒரு வரலாறு உண்டு. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல், மலைநாட்டில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலையைப் பயிரிட்டார் எனப் பாடநூல் கூறும். காடு வெட்டிக் கொழுந்து பறித்தவர்கள், தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர். அவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் பருகும் வேளையில் அவர்களையும் நினைத்தல் நமது கடன்.

நாவிற்கும் ஏட்டிற்கும் ஒரே மரம்

பனை நமக்குத் தந்தவற்றை எண்ணிப் பார்ப்போம். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயிலே பரப்பிக் காயவைத்தாற் பனாட்டு. ஒடியல் மாவை நீரில் ஊறவைத்துக் கசப்பு நீக்கி, மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் இட்டுக் காய்ச்சிய கூழைப் பிளாவில் ஏந்திக் குடித்தவர் அச்சுவையை மறப்பதில்லை.

அதே மரத்தின் ஓலையிலேதான் நம் முன்னோர் எழுத்தாணி கொண்டு எழுதினர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுத்து, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். நாவிற்கு விருந்தளித்த பனையே அறிவிற்கும் விருந்தளித்தது. இதனை உணர்ந்தே போலும், நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பனையின் சிறப்பைத் 'தாலவிலாசம்' எனப் பாடினார். ஆடிப்பிறப்பைப் பற்றிச் சிறுவர்க்கு அவர் பாடிய பாட்டு, பயறு வறுப்பது முதலாகக் கூழ் காய்ச்சும் முறையையே சொல்லித் தருகின்றது. அப்பாட்டு வழங்கும்வரை ஆடிக்கூழின் பக்குவம் அழியாது.

இழந்த யாழ்

யாழ்ப்பாணம் என்ற பெயர்க்கு ஒரு கதை உண்டு. ஒல்லாந்தர் காலத்திலே, 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அதனைக் கூறும். கண்ணிழந்த யாழ்ப்பாடி ஒருவன் அரசன் முன் வாசித்து, மணற்றி என்னும் நிலத்தைப் பரிசிலாகப் பெற்றானாம். ஆராய்ச்சியாளர் இக்கதையை அவ்வாறே ஏற்பதில்லை. ஆயினும், தம் நாட்டை வாளாற் பெற்றதென்று கூறாது, இசைக்குக் கிடைத்த பரிசில் என்று கூற விரும்பிய மக்களின் மனப்பாங்கும் வரலாறேயாம்.

பெயர் நிலைத்தது, கருவியோ வழக்கொழிந்தது. பழந்தமிழர் மீட்டிய யாழை நம்மிற் கேட்டார் எவருமிலர். அதனை மீட்க முனைந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். விஞ்ஞானப் பட்டதாரியாகிய அவர், சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் ஆதாரமாகக் கொண்டு, கணித முறையிலே சுருதிகளை அளந்து, பல்லாண்டு உழைத்து 'யாழ்நூல்' ஆக்கினார். 1947 ஜூனில் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். கருவி அழிந்தும் அதன் இலக்கணத்தை அவர் மீட்டது எங்ஙனம்? இளங்கோவடிகள் எழுதி வைத்திருந்தார் என்பதனாலேயே.

எனின், எழுதி வைத்துவிட்டாற் போதுமோ? 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் மீண்டும் எழுந்தது. ஒரே படியாக இருந்த ஏடுகள் மீளவில்லை. நாவில் மட்டும் உள்ளது முதியோருடன் மறையும். ஏட்டில் மட்டும் உள்ளது நெருப்பில் மறையும். இரண்டிலும் இருப்பதே பிழைக்கும்.

ஆதலின் மாணவராகிய நாம் செய்யத்தக்க எளிய பணியொன்று உண்டு. வரும் விடுமுறையில் ஒரு கொப்பியுடன் அப்பாச்சியின் அருகிலோ அம்மம்மாவின் அருகிலோ அமர்வோம். ஒடியல் மாவை எத்தனை தண்ணீரிற் கழுவ வேண்டும், தொட்டிலருகே பாடிய தாலாட்டு எது, ஊர்க்குளத்துக்கு அப்பெயர் வந்தவாறு யாது எனக் கேட்டு எழுதுவோம். எழுதியதை உடன்கற்கும் நண்பர்க்கும் படியெடுத்துக் கொடுப்போம். அதன்பின் அக்கூழைக் காய்ச்சிக் குடிப்போம். அத்தாலாட்டைப் பாடியும் பார்ப்போம். இப்பாடத்துக்குப் பரீட்சை இல்லை. ஆயினும் இதிற் நாம் தவறினால், நமக்குப் பின் வருவோர் யாழைத் தேடியது போலக் கூழையும் தேட நேரும்.