கைக்குழந்தையாகச் சிறை, 31 ஆண்டு நாடு கடந்த வாழ்க்கை

தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா 1932-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். பிறந்த 18-ஆம் நாளே சிறை! வீட்டில் பீர் காய்ச்சி விற்றதாக அம்மாவைப் பிடித்தார்கள். அபராதம் கட்டப் பணமில்லை. கைக்குழந்தையும் ஆறு மாதம் உள்ளேதான்.

1959-இல் ‘கிங் காங்’ இசை நாடகம் அவரை ஊரறியச் செய்தது. குத்துச்சண்டை வீரர் ஒருவரின் கதை அது. மதுக்கடை நடத்தும் ஜாய்ஸ் வேடம் இவருக்கு. அதே ஆண்டு வெளிநாடு போனார். மறுவருடம் அம்மா இறந்த சேதி வந்தது. ஊர் திரும்பப் பார்த்தால், பாஸ்போர்ட் ரத்து! 1963-இல் ஐ.நா.வில் நிறவெறி ஆட்சிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். குடியுரிமையும் போயிற்று, பாட்டுக்கும் தடை.

அமெரிக்காவில் கிராமி விருது. 1967-இல் ‘பாட்டா பாட்டா’ ஹிட். வெறும் ஆட்டப்பாட்டு என்று அவரே பெரிதாக மதிக்காத பாட்டு அது. உலகம் பிடித்துக்கொண்டதென்னவோ அதைத்தான். மறு ஆண்டு, கறுப்பினப் போராளி ஸ்டோக்லி கார்மைக்கேலை மணந்ததும் அமெரிக்கக் கச்சேரிகள் ரத்தாயின. இருவரும் கினி நாட்டுக்குக் குடிபோனார்கள்.

1990-இல் மண்டேலா விடுதலையான பிறகு, அவர் வற்புறுத்தியதால்தான் மகேபா தாய்நாடு திரும்பினார். 2008-இல் இத்தாலியில் கச்சேரி முடித்த இரவில் மாரடைப்பால் இறந்தார், வயது 76.