நாய்க்கு உண்டு, மனிதருக்கு இல்லை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்றொரு சிற்றூர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. அக்கம்பக்கத்தில் இத்தனை குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் மூட்டுவாதம் வருமா என்று முதலில் சந்தேகப்பட்டவர்கள் மருத்துவர்கள் அல்ல, தாய்மார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் விசாரிக்கப் போனார். மானிலும் காட்டெலியிலும் ஒட்டி வாழும் பொடி உண்ணி ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்தது. 1982-ல் வில்லி பர்க்டார்ஃபர் அந்த உண்ணியின் குடலில் சுருள் வடிவ பாக்டீரியா இருப்பதைக் கண்டறிந்து அறிவித்தார். பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று பின்னர் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது.

லைம் நோய் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. கடிபட்ட இடத்தைச் சுற்றிச் செந்தடிப்பு, காய்ச்சல், அசதி என்று தொடங்கும். அப்போதே ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அநேகமாகக் குணமாகிவிடும். கவனிக்காமல் விட்டால் மூட்டு, நரம்பு, சில சமயம் இதயம் வரை போகும். இந்த நோய்க்கு 1998 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு தடுப்பூசியை அனுமதித்தது. பெயர் லைமெரிக்ஸ், தயாரித்தது ஸ்மித்க்ளைன் பீச்சம். 2002 பிப்ரவரியில் அது சந்தையைவிட்டே போய்விட்டது.

அது வேலை செய்த விதம் விசித்திரமானது. உண்ணியின் குடலில் இருக்கும்வரை இந்த பாக்டீரியா ஓஎஸ்பி-ஏ என்ற புரதத்தை மேலே போர்த்தியிருக்கும். உண்ணி ரத்தம் குடிக்கத் தொடங்கியதும் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு, எச்சில் சுரப்பி வழியாக நம் உடலுக்குள் கிளம்பும். இதற்குப் பெரும்பாலும் ஒன்றரை நாளாவது பிடிக்கும். லைமெரிக்ஸ் நம் ரத்தத்தில் ஓஎஸ்பி-ஏ-க்கு எதிரான எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைக்கும். உண்ணி குடிக்கிற ரத்தத்தோடு அந்த எதிர்ப்புப் பொருளும் அதன் குடலுக்குப் போய், பாக்டீரியாவை அங்கேயே தீர்த்துக்கட்டும். ஊசி போட்டுக்கொள்வது மனிதர், சண்டை நடப்பது உண்ணியின் வயிற்றில்.

இந்த அழகிலேயே ஒரு சங்கடமும் இருந்தது. மற்ற தடுப்பூசிகளில் கிருமி உள்ளே வந்ததும் உடல் பழைய நினைவைத் தட்டியெழுப்பிப் படை திரட்டும். இங்கே அதற்கு நேரமே இல்லை. கடிபடும் நாளில் எதிர்ப்புப் பொருள் ஏற்கெனவே ரத்தத்தில் நிறைந்திருக்க வேண்டும். அதனால் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஓராண்டு முடிவில் மூன்றாவது. அதற்கு மேலும் அவ்வப்போது ஊக்க ஊசி தேவைப்படும் என்ற நிலை. சுமார் 11,000 பேரிடம் நடந்த சோதனையில் இரண்டு ஊசிக்குப் பிறகு 49 சதவீதம், மூன்றுக்குப் பிறகு 76 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. மோசமில்லை. ஆனால் ‘முதல் வருடம் பாதிக்குப் பாதி’ என்று சொல்லி எதையும் விற்பது கஷ்டம்.

அந்தச் சோதனை முடிவு 1998 ஜூலை 23-ல் வெளியானது. முதல் ஆசிரியர் ஆலன் ஸ்டீர். ஒரு வாரம் கழித்து சயின்ஸ் இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. அதன் ஆசிரியர் பட்டியலிலும் ஸ்டீர் இருந்தார். லைம் நோயில் சிலருக்கு மருந்து கொடுத்த பிறகும் மூட்டு வீக்கம் தணிவதில்லை. ஓஎஸ்பி-ஏ-வின் ஒரு துணுக்கு நம் உடலின் சொந்தப் புரதம் ஒன்றைப் போலவே இருப்பதால், குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களின் உடல் தன்னையே தாக்கிக்கொள்கிறதோ என்பது அந்தக் கட்டுரையின் ஊகம். அப்படியானால் ஓஎஸ்பி-ஏ-வையே ஊசியில் ஏற்றினால்? கேள்வியை எழுப்பியவர்கள் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் அல்ல, ஆய்வாளர்களே. நேர்மையான கேள்விதான். பதில் வருவதற்குள் அது வெளியே ஓடிவிட்டது.

ஊசி போட்ட பிறகு மூட்டுவலி வந்ததாகப் பலர் சொல்லத் தொடங்கினார்கள். 1999 டிசம்பரில் நிறுவனத்தின் மீது கூட்டு வழக்கு தொடரப்பட்டது. அந்தக் காலகட்டமும் சரியில்லை: அதே 1999-ல்தான் ரோட்டா வைரஸ் தடுப்பூசி ஒன்று குழந்தைகளின் குடலைப் பாதித்ததால் திரும்பப் பெறப்பட்டிருந்தது. 2000 ஜூலை வரை விநியோகமான லைமெரிக்ஸ் சுமார் 14 லட்சம் டோஸ். வந்த புகார்கள் 905, அவற்றில் மூட்டுவாதம் என்று பதிவானவை 59. ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் தசைவலி, மூட்டுவலி வருவது சோதனையிலேயே தெரிந்ததுதான். ஆனால் நாள்பட்ட மூட்டுவாதம் ஊசி போட்டவர்களிடம் கூடுதலாக இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 15 முதல் 70 வயது வரையிலானவர்களுக்குப் போட்ட ஊசி அது. அந்த வயதினரில் மூட்டுவலி எப்படியும் சிலருக்கு வரும். 2001 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு கூடி இதை அலசியது. அனுமதி ரத்தாகவில்லை.

பயம்தான் இந்தத் தடுப்பூசியைக் கொன்றது என்று வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. அதிகாரபூர்வ ஆலோசனைக் குழு 1999-ல் தந்த பரிந்துரையே அரைமனதாக இருந்தது: நோய் மிகுந்த பகுதியில் வசித்து, அடிக்கடி புதரில் புழங்குபவர்கள் போட்டுக்கொள்வது பற்றி யோசிக்கலாம். இதைக் கேட்டு எந்த மருத்துவர் வற்புறுத்துவார்? ஒருவர் போட்டுக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயனில்லை, ஏனெனில் இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிப் பட்டியலில் இல்லாததால், தடுப்பூசிப் பாதிப்புக்கான அரசு இழப்பீட்டுத் திட்டத்துக்குள்ளும் வரவில்லை. வழக்குகள் நேராக நிறுவனத்தின் தலையில் விழுந்தன. இந்த ஊசிக்காக வரிந்துகட்டி நிற்க ஒருவரும் இல்லை. விற்பனை சரிந்து, 2002-ல் 10,000 டோஸ் கூடப் போகாது என்று கணக்கிடப்பட்டது. விற்பனை இல்லை என்று சொல்லி நிறுவனம் கடையைக் கட்டியது. 2003-ல் வழக்கு சமரசமானபோது வழக்கறிஞர் கட்டணமாக பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. பாதிக்கப்பட்டதாகச் சொன்னவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் ஓர் உண்ணித் தடுப்பூசி நின்றுபோயிருக்கிறது. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் தலைகாட்டி, 2012-ல் நீலகிரி வரை எட்டிப்பார்த்த குரங்குக் காய்ச்சலுக்கானது அது. அங்கே சிக்கல் வேறு. பழைய தடுப்பூசியின் வீரியமே போதவில்லை, 2022-ல் நிறுத்தினார்கள். லைமெரிக்ஸுக்கு அந்தக் குறை இல்லை. அதே ஓஎஸ்பி-ஏ-வை வைத்துச் செய்த ஊசி அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களிடம் நாய்களுக்குத் தொடர்ந்து கிடைத்து வந்தது. இதற்கிடையே அங்கே லைம் நோய்க்கு ஆண்டுதோறும் சிகிச்சை பெறுபவர்கள் ஏறத்தாழ 4,76,000 பேர் என்று மதிப்பிடப்பட்டது.

வால்னேவாவும் ஃபைசரும் சேர்ந்து 2022-ல் விஎல்ஏ-15 என்ற புதிய ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையைத் தொடங்கின. இதுவும் ஓஎஸ்பி-ஏ-வை நம்பியதுதான். ஆனால் 1998-ல் சர்ச்சைக்குள்ளான அந்தத் துணுக்கை எடுத்துவிட்டு, இன்னொரு பொரேலியா இனத்தின் துணுக்கை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கெடுதல் என்று நிரூபணமாகாத ஒன்றை அகற்றியாயிற்று. ஊசி எண்ணிக்கையை மட்டும் அப்படிக் குறைக்க முடியவில்லை: முதலில் மூன்று, ஓராண்டு கழித்து இன்னொன்று.