சுவடிகள் வீடு திரும்பிய கதை

1971-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி ஐஸ்லாந்துத் தீவின் தலைநகரமான ரெய்க்யவிக்கில் கடைகள் மூடிக் கிடந்தன, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. துறைமுகத்தில் சுமார் 15,000 ஜனங்கள் கூடி நின்றார்கள். தேசம் முழுவதிலும் அப்போது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே வசித்தார்களாதலால், ஏறக்குறைய பதினாலு பேருக்கு ஒருவர் அங்கே வந்துவிட்டார் என்று சொல்லலாம். எந்த மன்னரை வரவேற்க இத்தனை கூட்டம் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மன்னர் எவரும் வரவில்லை. டென்மார்க்கின் யுத்தக் கப்பல் ஒன்று இரண்டு பழம் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

அவ்விரண்டில் ஒன்று, எட்டா என்னும் தொன்மையான பாடல் தொகுதி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அது, கையில் அடங்கக்கூடிய சிறு சுவடி. மற்றொன்று ஃப்ளாட்டெய் என்னும் சிறு தீவின் பெயரைத் தாங்கிய பெரும் புத்தகம். அதன் ஏடுகளுக்கு 113 கன்றுகளின் தோல் தேவைப்பட்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நெல் விளையாத, மரமும் அரிதான அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் கன்று என்பது குடியானவனின் செல்வம். அந்தச் செல்வத்தை உரித்து அதன்மேல் முன்னோர் கதைகளை எழுதினார்கள் என்றால், அக்கதைகளை அவர்கள் எவ்வளவு மதித்திருக்க வேண்டும் என்பதை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. தீவு டென்மார்க் அரசரின் ஆட்சியில் இருந்தது, வறுமையும் சேர்ந்துகொண்டது. ஆர்னி மாக்னுஸன் என்ற அறிஞர், ஜனத்தொகைக் கணக்கும் நிலக்கணக்கும் எடுக்கும் உத்தியோகத்தின் பேரில் 1702 முதல் 1712 வரை தீவெங்கும் சுற்றி, வீடு வீடாகச் சுவடி தேடினார். பூர்விக ஏடுகள் சில செருப்புக்கு உள்ளட்டையாகவும், சட்டை தைக்க அளவு வெட்டும் மாதிரியாகவும், ஒரு பிஷப்பின் தொப்பிக்கு உள்ளே விறைப்புக்காக வைத்த தோலாகவும் பயன்பட்டிருந்தன. ஓலைச் சுவடிகள் தீக்கும் ஆற்றுக்கும் இரையான கதையை உ. வே. சாமிநாதையர் எழுத வாசித்த நம்மவருக்கு இது அந்நிய தேசத்துச் செய்தியாகவே தோன்றாது.

ஆர்னி சேகரித்தவை 1720-ல் ஐம்பத்தைந்து பெட்டிகளில் கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்தன. எட்டு வருஷங்களுக்குப் பின் அந்நகரில் பெருந்தீ மூண்டது. சுவடிகளில் பெரும்பகுதியை அவர் காப்பாற்றிவிட்டார். அச்சுப் புத்தகங்களோ ஏறக்குறைய எல்லாம் சாம்பலாயின. 1730-ல் அவர் காலமானபோது, மிஞ்சியதைக் கோபன்ஹேகன் சர்வகலாசாலைக்கு உயில் எழுதி வைத்தார். முன் சொன்ன இரண்டு புத்தகங்களும் அதற்கு முன்பே ஒரு பிஷப்பினால் அரசருக்கு அனுப்பப்பட்டு, ராஜாங்கப் புத்தகசாலையில் இருந்தன.

1944-ல் ஐஸ்லாந்து குடியரசாயிற்று. ஆனால் தேசத்தின் ஞாபகமெல்லாம் கடல் கடந்து, பழைய ஆளும் நாட்டின் அலமாரிகளில் கிடந்தது. கொடி கிடைத்தது, ஏடு கிடைக்கவில்லை. திரும்பக் கேட்டார்கள். டென்மார்க்கில் அறிஞர் பலர் எதிர்த்தார்கள். சட்டப்படி உயில் எழுதிக் கொடுத்த சொத்தைச் சர்க்கார் எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாமா என்பது அவர்கள் வாதம். அது அற்பமான வாதமல்ல. டேனிஷ் பார்லிமெண்டு 1961-ல் சட்டம் செய்தது. சிறுபான்மை அங்கத்தினர் தங்கள் உரிமையைக் கொண்டு அதைத் தேர்தல் முடியும் வரை நிறுத்தி வைத்தார்கள். 1965-ல் மறுபடியும் நிறைவேறியது. 1966-ல் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்டஈட்டு வழக்கு 1971 வரை இழுத்தது. தீர்ப்பு வந்த சில வாரங்களுக்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது!

பங்கீடு செய்த முறைதான் நமக்கு மிகவும் ரசமானதாகத் தோன்றுகிறது. ஐஸ்லாந்தியர் இயற்றியது அல்லது மொழிபெயர்த்தது, பொருளும் பெரும்பாலும் ஐஸ்லாந்தைப் பற்றியது என்றால் சுவடி தீவுக்கு. இல்லாவிட்டால் டென்மார்க்கிலேயே இருக்கும். இந்த விதியின்படி பார்த்தால், நார்வே அரசர்களின் சரித்திரங்கள் நிறைந்த பெரும் புத்தகம் திரும்பியிருக்கவே முடியாது. ஆகவே அதையும் எட்டாவையும் விதிக்குப் புறம்பாகத் தனியே பெயர் குறித்துச் சேர்த்தார்கள். ஒவ்வொரு சுவடியாக இரு நாட்டு அறிஞரும் உட்கார்ந்து பேசிப் பிரித்தார்கள். வேலை 1997-ல்தான் முடிந்தது. ஏறக்குறையப் பாதி திரும்பியது, மற்றப் பாதி கோபன்ஹேகனிலேயே இருக்கிறது. இரண்டு நகரங்களிலுள்ள நிலையங்களும் ஒத்துழைக்கின்றன. 2009-ல் யுனெஸ்கோ தனது உலக ஞாபகப் பட்டியலில் முழுத் தொகுதியையும் ஒன்றாகவே சேர்த்தது. ஆண்டவனும் ஆளப்பட்டவனும் இவ்விதம் சமாதானமாகப் பாகம் பிரித்துக்கொண்டதற்கு உலகில் வேறு உதாரணங்கள் அதிகமில்லை.

சுவடி வந்தால் போதுமா? அதைப் படிக்கும் பாஷை உயிரோடிருக்க வேண்டுமே. இதில்தான் அந்தச் சிறு சர்க்காரின் உண்மையான கவலை இருக்கிறது. 1964-ல் ஒரு பாஷைச் சபை ஏற்படுத்தினார்கள். அந்நியச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பழைய வேரிலிருந்து புதுச் சொல் ஆக்குவது அங்கே குடிமக்களுக்கெல்லாம் ஒரு பொழுதுபோக்கு. டெலிபோனுக்கு, நூல் என்று பொருள்பட்ட மறைந்துபோன சொல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். கம்ப்யூட்டருக்கு வைத்த பெயர், எண் என்ற சொல்லையும் குறி சொல்பவள் என்ற சொல்லையும் இணைத்தது. எண்ணைக் கொண்டு குறி சொல்லும் கிழவி! கலைச்சொல்லுக்காகக் கமிட்டி மேல் கமிட்டி வைத்துச் சண்டையிடும் நமக்கு இந்தத் துணிச்சலில் சிறிது பொறாமை உண்டாவது இயல்பே.

அதே 1964-ல் அறுபது பிரமுகர்கள் கையெழுத்திட்டு ஒரு விண்ணப்பம் செய்தார்கள். கெப்லாவிக்கில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தின் டெலிவிஷன் ஊர் ஜனங்களின் வீடுகளிலும் தெரிய ஆரம்பித்திருந்தது; அதைத் தளத்துக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1966-ல் சர்க்கார் சொந்த டெலிவிஷனைத் தொடங்கியது. அதிலும் ஒரு விசித்திரம்: 1987 வரை வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பே கிடையாது. அன்றைக்காவது ஜனங்கள் ஒருவரையொருவர் போய்ப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

பண விஷயத்துக்கு வருவோம். தேசிய நாடக மண்டபம் கட்டும் செலவுக்கு 1923-லேயே கேளிக்கை வரி விதித்தார்கள். இடையில் யுத்தம் வந்து பிரிட்டிஷ் படை அரைகுறைக் கட்டடத்தைக் கிடங்காக்கிக்கொண்டது. திரை உயர்ந்தது 1950-ல். எழுத்தாளரையும் சைத்ரிகரையும் ஆதரிக்க வேறொரு வழி: சர்க்கார் மாதச் சம்பளம் கொடுக்கிறது. 2009-ஆம் வருஷத்துச் சட்டம் ஆண்டுக்கு 1,600 மாதச் சம்பளங்கள் என்று வகுத்து, அதில் எழுத்தாளர்களுக்கு 555 ஒதுக்கியது. யாருக்கு எத்தனை மாதம் என்பதை மந்திரி தீர்மானிப்பதில்லை. அதற்கென்று நியமித்த குழுக்கள் தீர்மானிக்கின்றன. 2019 முதல் ஐஸ்லாந்திய பாஷையில் நூல் வெளியிடுவோருக்குச் செலவில் நூற்றுக்கு 25 பங்கு திருப்பித் தரப்படலாயிற்று. இதனால் பதிப்பாளர் பெறும் லாபம் எழுத்தாளருக்கும் போய்ச் சேருகிறதா என்று கேட்பவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

இலாகாவின் பெயர்ப்பலகைதான் நிலையாக நிற்பதில்லை. கலாசாரம் நெடுங்காலம் கல்வியோடு இருந்தது; 2022-ல் வியாபாரத்தோடு சேர்த்தார்கள்; 2025-ல் உயர்தரக் கல்வியோடு. பெயர் மாறினாலும் வேலை செய்யும் சபைகளும் நிதிகளும் தனித்து நிற்பதால் பெரிய சேதமில்லை.

அயலாரோடு சேர்வதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. 1952-ல் அமைந்த நார்டிக் சபையில் ஆரம்பத்திலிருந்தே அங்கம் வகிக்கிறார்கள். பின்லாந்தின் சிற்பி ஆல்வார் ஆல்டோ வரைந்த நார்டிக் மாளிகை, புத்தகசாலையுடன், 1968 முதல் ரெய்க்யவிக்கில் நடக்கிறது. 1980 முதல் 1996 வரை ஜனாதிபதியாயிருந்த விக்டிஸ் ஃபின்போகதோத்திர் என்ற பெண்மணி, பதவி விட்டபின் யுனெஸ்கோவின் சார்பில் பாஷைகளுக்காக உலகம் சுற்றினார்.

இவ்வளவு செய்தும் கவலை தீரவில்லை. இன்று அங்கே சுமார் நாலு லட்சம் ஜனங்கள். அவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். உல்லாசப் பிரயாணிகள் நிறைந்த தலைநகரின் கடைகளில் இங்கிலீஷே முன்னே நிற்கிறது. குழந்தைகள் கைக்கருவிகளோடு பேசும் பாஷையும் அதுவே. 2022-ல் ஜனாதிபதியே ஒரு தூதுக்குழுவோடு அமெரிக்கா சென்று, கம்ப்யூட்டர் கம்பெனிகளிடம், உங்கள் இயந்திரங்களுக்கு எங்கள் பாஷையையும் கற்பியுங்கள் என்று கேட்டார்.

சுவடிகளுக்கென்று புது வீடு கட்ட 2013-ல் மண்ணைத் தோண்டினார்கள். பணமுடையால் வேலை நின்று, நகரின் நடுவே வருஷக்கணக்கில் வெறும் பள்ளமாகக் கிடந்தது. ஊரார் அதைப் பரிகசித்தார்கள். 2023 ஏப்ரலில் கட்டடம் திறக்கப்பட்டது. என்ன பெயர் வைக்கலாம் என்று பொதுஜனங்களையே கேட்டார்கள். எட்டா என்று வந்தது பதில்.