அறை நிறைந்தால் போதுமா? மலாக்கா விடுதிகளுக்கு ஒரு கணக்குப் பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்திருப்பீர்கள். ‘தரவுப் பகுப்பாய்வு’ என்றாலே பெரிய கணினி, பெரிய நிறுவனம், பெரிய சம்பளம் வாங்கும் அதிகாரிகள் என்றுதான் தோன்றும். மலாக்காவில் இருபது அறைகளை வைத்து விடுதி நடத்தும் ஒரு குடும்பத்திற்கு அதனால் என்ன பயன்? நிறையவே பயன் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நம்மவர்கள் சாப்பாட்டுக் கடையையும் ‘ஹோட்டல்’ என்பார்கள். நான் பேசப்போவது தங்கும் விடுதியைப் பற்றி.

பால் வாளி சொல்லும் பாடம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. நம் நாட்டில் ரப்பரை வணிகத்திற்காக முதலில் பயிரிட்ட இடங்களில் இதே மலாக்காவும் ஒன்று. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். பிறகு நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டினார்கள்.

பால் நிறுக்கும் இடத்தில் என்ன நடக்கும்? வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காகக் கிராணி அப்படியே எழுதிவிட மாட்டார். மெட்ரொலாக்கைப் பாலில் விட்டுப் பார்ப்பார். எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிவிடும். பாலில் ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். காய்ந்த ரப்பரின் எடைக்குத்தான் காசு.

விடுதி நடத்துவோர் பலர் வாளியை மட்டும் பார்க்கிறார்கள். ‘இந்த வாரம் நல்ல கூட்டம், அறைகள் நிறைந்தன’ என்று மகிழ்கிறார்கள். அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. தரவுப் பகுப்பாய்வு என்பது விடுதிக்கு ஒரு மெட்ரொலாக். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மங்கில் தங்கிய பால் உறைந்து கட்டியானாலும் குறைந்த விலைக்காவது போகும். நேற்றிரவு காலியாகக் கிடந்த அறை எந்த விலைக்கும் போகாது. அதனால்தான் ஒவ்வோர் இரவின் விலையையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது.

ஒரு வாரக் கணக்கு

கற்பனையாக ஒரு விடுதியை எடுத்துக் கொள்வோம். 20 அறைகள். எல்லா நாளும் ஒரே விலை, 100 வெள்ளி. வெள்ளி, சனி இரண்டு இரவுகளும் 20 அறைகளும் நிறைகின்றன. மற்ற ஐந்து இரவுகளில் 8 அறைகள் போகின்றன. வாரத்திற்கு 80 அறைகள், வருமானம் 8,000 வெள்ளி.

உரிமையாளர் விலையை மாற்றுகிறார். வார இறுதிக்கு 150 வெள்ளி. 18 அறைகள் போகின்றன. வார நாளில் 80 வெள்ளி. 8 அறை போன இடத்தில் 11 அறை போகிறது. இப்போது வார இறுதி வருமானம் 5,400, வார நாள் வருமானம் 4,400, ஆக மொத்தம் 9,800 வெள்ளி. ஒரு வாரத்திற்கு இருப்பது 140 அறை இரவுகள். காலியாகக் கிடந்ததையும் சேர்த்து வகுத்தால், ஓர் அறைக்கு 57 வெள்ளி கிடைத்த இடத்தில் இப்போது 70 வெள்ளி கிடைக்கிறது. பெரிய விடுதிகள் தினமும் பார்க்கும் எண் இதுதான்.

உரிமையாளர் என்ன நினைப்பார்? ‘வார நாளில் விலையைக் குறைத்தேன், கூட்டம் வந்தது, லாபம் கூடியது’ என்று நினைப்பார். இங்கேதான் மெட்ரொலாக்கை விட வேண்டும்.

ஓர் அறையில் ஆள் தங்கினால் சலவை, மின்சாரம், பசியாறல், துப்புரவு எல்லாம் சேர்த்து 25 வெள்ளி செலவு என்று வைப்போம். வார நாளில் முன்பு 8 அறைகள், ஒவ்வொன்றிலும் மிச்சம் 75 வெள்ளி. ஓர் இரவுக்கு 600 வெள்ளி. இப்போது 11 அறைகள், மிச்சம் 55 வெள்ளி. ஓர் இரவுக்கு 605 வெள்ளி. கூடியது வெறும் 5 வெள்ளி! ஐந்து இரவுக்கும் சேர்த்து 25 வெள்ளி.

வார இறுதியைப் பாருங்கள். முன்பு ஓர் இரவுக்கு 1,500 வெள்ளி மிஞ்சியது. இப்போது இரண்டு அறைகள் காலியாக இருந்தும் 2,250 வெள்ளி மிஞ்சுகிறது. வாரத்திற்குக் கூடிய 1,525 வெள்ளியில் 1,500 வெள்ளி அந்த இரண்டு இரவுகளில் வந்தது. அந்த 25 வெள்ளிக்காக நம் அக்காமார்கள் வாரத்திற்கு 15 அறைகளைக் கூடுதலாகக் கூட்டித் துடைத்து விரிப்பு மாற்றியிருக்கிறார்கள்.

இது தெரியாத உரிமையாளர் அடுத்த மாதம் வார நாள் விலையை 70 வெள்ளிக்கு இறக்குவார். கூட்டம் இன்னும் கொஞ்சம் கூடும். வேலை கூடும். மிச்சம் குறையும். பிறகு ‘வியாபாரம் சரியில்லை’ என்று ஆட்களைக் குறைப்பார். கணக்கு பார்க்காததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் விடுதியின் எண்கள் வேறாக இருக்கும். அதனால் நான்கு வாரம் ஒரு விலையும் நான்கு வாரம் வேறு விலையும் வைத்து, இரண்டையும் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசி அறை யாருக்கு?

சனிக்கிழமைக்கு ஒரே ஓர் அறைதான் மிச்சம். செவ்வாய்க்கிழமையே ஒருவர் அழைத்து 90 வெள்ளிக்குக் கேட்கிறார். கொடுப்பதா, 150 வெள்ளி கொடுப்பவருக்காகக் காத்திருப்பதா?

விமான நிறுவனங்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 1972-இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தைச் சேர்ந்த கென் லிட்டில்வுட் இதற்கு ஓர் எளிய விதி சொன்னார். 1980-களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் இந்த வழியைப் பெரிய அளவில் கையாண்டன. மேரியட் போன்ற விடுதிக் குழுமங்கள் அவற்றைப் பின்பற்றின. ஏர் ஆசியாவில் பறந்தவர்களுக்குத் தெரியும்: பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த விலை வேறு, நாம் கொடுத்த விலை வேறு.

அந்த விதியை நம் கணக்கில் போடுவோம். 90-ஐ 150-ஆல் வகுத்தால் 60 விழுக்காடு. கடந்த பத்து சனிக்கிழமைகளில் கடைசி அறை முழு விலைக்குப் போனது எத்தனை முறை? எட்டு முறை என்றால் காத்திருங்கள். நான்கு முறைதான் என்றால் 90 வெள்ளிக்கே கொடுத்துவிடுங்கள். ஆறுதான் எல்லைக்கோடு.

இதற்குப் பெரிய கணினி வேண்டுமா? வேண்டாம். பத்து சனிக்கிழமைகளின் பதிவு வேண்டும். ‘அறை இல்லை’ என்று சொல்லி வைத்துவிட்ட தொலைபேசி அழைப்புகளையும் எழுதுங்கள். வந்தவரை எல்லாரும் எழுதுகிறார்கள், திரும்பிப் போனவரை யாரும் எழுதுவதில்லை. விலையை உயர்த்தலாமா என்று சொல்வது அந்த இரண்டாவது எண்ணிக்கைதான்.

கணினிக்குப் பஞ்சாங்கம் தெரியாது

‘போன ஆண்டுக் கணக்கைப் பார்த்து இந்த ஆண்டு விலை வைத்தால் போதாதா?’ என்று நெறியாளர் கேட்டார். போதாது. பழைய எண்ணுக்குப் பின்னால் இருந்த காரணம் இன்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜொகூர் மாநிலத்தில் 2014 முதல் 2024 முடிய வெள்ளியும் சனியும் வார விடுமுறை. அங்கிருந்து வரும் குடும்பம் வியாழன் இரவே தங்க வரலாம். ஞாயிறு வேலை நாள் என்பதால் சனி இரவு வீடு திரும்பிவிடும். 2025 ஜனவரி 1 முதல் அங்கும் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது. ஜொகூர் விருந்தினர் அதிகம் வரும் விடுதி, 2024-இன் வியாழக்கிழமைக் கணக்கை நம்பி 2025-இல் விலை வைத்தால் ஏமாறும்.

பண்டிகைகளும் நகர்கின்றன. நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் வரும். நம் மாசி மகத்தைப் பாருங்கள். 2024-இல் பிப்ரவரி 24, சனிக்கிழமை. 2025-இல் மார்ச் 12, புதன்கிழமை. மலாக்காவில் மாசி மகம் என்றால் செங் சன்னாசிமலையில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் ஆண்டு மாசி மகம் வார நாளில் வந்தது. தலைமையகம் அனுப்பிய விலைப்பட்டியலில் அது சாதாரண நாள், மலிவு விலை. வரவேற்பு முகப்பில் இரவு வேலை பார்த்த தம்பி, ஜாசின் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, மூன்று மாதம் முன்பே ‘அன்றைக்குத் திருவிழா’ என்று சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை. நானும் அதை மேலே எடுத்துச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அறைகள் எல்லாம் சில வாரங்களிலேயே மலிவாகப் போய்விட்டன. பிறகு வந்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அந்தத் தம்பிதான். அவனுக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதை எழுதிவைக்க ஒரு கட்டம்கூட எங்கள் படிவத்தில் இல்லை.

எவற்றை எழுத வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல் தாளோ போதும். ஒவ்வொரு முன்பதிவுக்கும் இவற்றை எழுதுங்கள்: எந்த இரவு, எத்தனை இரவு, என்ன விலை, எத்தனை நாள் முன்பு பதிவு செய்தார், எந்த வழியாக வந்தார், எந்த ஊர், எதற்காக வந்தார்.

‘எந்த வழியாக’ என்பது முக்கியம். இணையப் பதிவுத் தளம் 15 விழுக்காடு தரகு எடுக்கிறது என்று வைப்போம். 100 வெள்ளி அறையில் 85 வரும். செலவு போக 60 மிஞ்சும். அடுத்த முறை அவரே நேராக அழைத்தால் 95 வெள்ளிக்குக் கொடுங்கள். உங்களுக்கு 70 மிஞ்சும், அவருக்கும் 5 வெள்ளி லாபம்.

‘எதற்காக’ என்பது வார நாளைக் காப்பாற்றும். மலாக்கா நகரம் 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றிப் பார்க்க வருவோர் பெரும்பாலும் வார இறுதியைத்தான் நாடுவார்கள். ஆனால் இந்தோனேசியாவிலிருந்து தனியார் மருத்துவமனைகளுக்குச் சிகிச்சைக்கு வருவோரும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும், வேலையாக வரும் குத்தகையாளர்களும் வார நாளிலும் வருவார்கள். எல்லாருக்கும் விலையைக் குறைப்பதைவிட, நான்கு இரவு தங்குபவருக்கு மட்டும் சலுகை கொடுப்பது மேல்.

வெளிநாட்டு விருந்தினரிடம் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு வசூலிக்கும் 10 வெள்ளி சுற்றுலா வரியை வருமானத்தில் சேர்க்காதீர்கள். 2017-இல் அறிமுகமான அந்த வரி அரசாங்கத்தின் பணம்.

நாள் பார்த்து விலை, ஆள் பார்த்து அல்ல

‘விலையை மாற்றினால் வாடிக்கையாளர் கோபிக்க மாட்டாரா?’ என்றும் கேட்டார்கள். சனிக்கிழமைக்கு ஒரு விலை, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு விலை என்று முன்கூட்டியே அறிவித்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வந்தவரின் முகத்தையும் காரையும் பார்த்து விலை சொன்னால்தான் கோபம் வரும், வருவது நியாயமும்கூட. விருந்தினரின் அடையாள அட்டை விவரங்களையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விடுதிகளுக்கும் பொருந்தும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து நகரத்திற்கு வந்த நம் பிள்ளைகள் பலர் விடுதிகளில் அறை துடைக்கிறார்கள், பெட்டி தூக்குகிறார்கள், முகப்பில் நிற்கிறார்கள். உழைப்பில் இழிவில்லை. ஆனால் விலையை யார் முடிவு செய்கிறார்களோ அவர்கள்தான் மேலே போகிறார்கள். அன்று தோட்டத்தில் பால் சுமந்தவருக்குக் கூலி, மெட்ரொலாக்கைப் பார்த்து எழுதியவருக்கு மேசை. இன்று எழுதக் கற்றுக்கொள்ள யாரும் தடையாக இல்லை.

இன்றிரவு வேலைக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புங்கள். ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்று முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதை முதலாளியின் மேசையில் வைக்கட்டும்.