மாம்பலத்துக் கடிதம் அமெரிக்கா போவானேன்?

மயிலாப்பூரில் வசிக்கும் ஒருவர், மாம்பலத்திலுள்ள தம் மைத்துனருக்குக் கணினி மூலம் ஒரு சேதி அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். கால்நடையாகப் போனால் ஒரு மணி நேரத்து வழி. ஆயினும், 2003-ஆம் வருஷத்துக்கு முன்பு, இவ்விருவரும் வெவ்வேறு கம்பெனிகளிடம் இணைப்புப் பெற்றிருந்தால், அந்தச் சேதி பல சமயங்களில் கடல் கடந்து அமெரிக்கா சென்று, அங்கிருந்து திரும்பி மாம்பலம் வந்தது! இந்த விபரீதத்தின் காரணத்தை அறிய வேண்டுமாயின் கணினி வலையின் பாலபாடத்திலிருந்தே தொடங்க வேண்டும். வலையின் ஏழு அடுக்குகளையும் தலைகீழாக ஒப்பிக்கும் மாணவர்கள்கூட இக்கேள்விக்கு விழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். பெயர்களை நெட்டுருப் பண்ணுவது வேறு. வழியைத் தெரிந்துகொள்வது வேறு.

கணினி வலையில் சேதி முழுசாகப் போவதில்லை. பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாக வெட்டப்படுகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புவோர், பெறுவோர் விலாசங்கள் இருக்கும். 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன் என்பவரும், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் என்பவரும் தனித்தனியே கண்ட யுக்தி இது. பழைய டெலிபோன் முறையில், இருவர் பேசி முடிக்கும் வரையில் ஒரு தடம் அவர்களுக்கே சொந்தம். பொட்டல முறையிலோ ஒரே கம்பியில் ஆயிரம் பேருடைய சேதிகள் கலந்து செல்லலாம்.

ஒரே கட்டிடத்துக்குள் பொட்டலங்களைப் பட்டுவாடா செய்வது ஸ்விட்ச். விளக்குப் பொத்தானை நினைத்துவிட வேண்டாம். இது பல துவாரங்கள் கொண்ட ஒரு பெட்டி. கணினியின் வலை இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையிலேயே பன்னிரண்டு இலக்க விலாசம் ஒன்று பொறிக்கப்படுகிறது. ஸ்விட்ச் புதிதாக வந்த தபால்காரரைப் போன்றது. தொடக்கத்தில் யாரையும் தெரியாது. ஆனால், வரும் ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்பியவர் யார் என்று பார்த்து, "இன்னார் இந்தத் துவாரத்தில் இருக்கிறார்" என்று குறித்துக் கொள்கிறது. பெறுவோர் தெரியாதவராயின், வந்த துவாரம் நீங்கலாக மற்ற எல்லாத் துவாரங்களிலும் விடுகிறது. உரியவர் பதில் எழுதும்போது அவருடைய இருப்பிடமும் தெரிந்துவிடும்! யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கற்கும் இந்தப் பெட்டியிடம் நமக்குத் தனிப் பிரியம் உண்டு.

ஆனால் ஒரு தெருவில் கூவி அழைக்கலாம். உலகம் முழுவதும் கூவ முடியுமா? ஆகவே ஐ.பி. விலாசம் என்று இரண்டாவது விலாசம் ஒன்று வேண்டியிருக்கிறது. அதன் முற்பகுதி ஊரைச் சொல்லும். பிற்பகுதி வீட்டைச் சொல்லும். ஊரை மட்டும் படித்து வழியனுப்புவது ரௌட்டர். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எந்த ரௌட்டருக்கும் முழு வழியும் தெரியாது. "இன்ன ஊர்களுக்கு இந்த வாசல்" என்ற பட்டியல் ஒன்றே அதன் கைமுதல். அடுத்த ரௌட்டரிடம் ஒப்படைத்துவிட்டால் அதன் கடமை தீர்ந்தது.

இனி மயிலாப்பூர் விஷயத்துக்கு வருவோம். இரு கம்பெனிகளுக்கும் அமெரிக்காவுக்குத் தடம் இருந்தது. ஒன்றுக்கொன்று தடம் இல்லை. ரௌட்டர் என்ன செய்யும்? தனக்குத் தெரிந்த வாசல் வழியே அனுப்பியது. யந்திரத்தின்மேல் குற்றம் இல்லை. நம் ஊர்ச் சேதியை நம் ஊரிலேயே சேர்ப்பதற்கு அந்நிய நாட்டுத் தடத்துக்குப் பணம் கொடுத்தோம். போக வரச் சுமார் 28,000 கிலோமீட்டர் என்று கொண்டால், கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும், சேதிக்கும் பதிலுக்குமாகக் கால் விநாடிக்கு மேல் வீண்.

2003-இல் 'நிக்சி' என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் இந்தியாவில் தோன்றியது. நொய்டா, மும்பை, சென்னை, கல்கத்தா ஆகிய இடங்களில் பரிமாற்ற நிலையங்கள் ஏற்பட்டன. அந்த நிலையத்தின் இருதயம் எது தெரியுமா? முன்னே சொன்ன ஸ்விட்சேதான், அளவில்தான் பெரியது. கம்பெனிகளின் ரௌட்டர்கள் அதில் வந்து கூடி, "இந்த ஊர்கள் என் வழியே" என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக் கொள்கின்றன. உடனே பட்டியல் மாறுகிறது. பொட்டலமும் உள்ளூரிலேயே திரும்புகிறது. ஆனால் ஒரு கம்பெனி தன் ஊர்களை அங்கே முழுமையாக அறிவிக்காவிட்டால், பெட்டி இருந்தும் பயனில்லை. பொட்டலம் பழையபடி சுற்றுவழியே போகக்கூடும்.

இதை வீட்டிலிருந்தே சோதிக்கலாம். வழி தவறிய பொட்டலம் என்றென்றும் அலையாதிருக்க, ஒவ்வொன்றும் ஓர் எண்ணைச் சுமந்து செல்கிறது. ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொட்டலத்தை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்குப் பெரும்பாலும் தகவல் சொல்லும். 'ட்ரேஸ்ரூட்' என்ற கட்டளை, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணைக் கூட்டி அனுப்பி, வழியிலுள்ள ரௌட்டர்களை வரிசையாகக் கண்டறிகிறது. சில பதில் பேசா. அங்கே நட்சத்திரக் குறிதான் தோன்றும். இந்நாட்டிலேயே இருக்கும் ஒரு தளத்துக்கு நேயர்கள் இதை அனுப்பிப் பார்க்கட்டும். நடுவே சிங்கப்பூர் ரௌட்டர் ஏதேனும் தலை காட்டினால், இணைப்புக் கொடுத்த கம்பெனிக்கு அந்த வரிசையைப் பிரதி எடுத்து அனுப்பி, காரணம் கேட்கலாம்.