புறாவும் மனையும்

மாடப்புறாவின் முன்னோர் மலைப்பாறைகளின் இடுக்குகளில் வாழ்ந்தன. உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகள் அப்பாறைகளை ஒத்திருத்தலின், புறாக்கள் நகரங்களிலும் குடியேறின. அவை மிகுதியாகப் பெருகின் தொல்லையாகும். அவற்றின் எச்சம் கல்லை அரிக்கும்; நோயும் பரப்பக்கூடும்.

சுவிட்சர்லாந்து நாட்டின் பாசல் நகரம் இத்தொல்லைக்கு ஆளாயிற்று. 1961 முதல் 1985 வரை அங்கு ஏறத்தாழ 1,00,000 புறாக்கள் கொல்லப்பட்டன. எனினும், அவற்றின் தொகை 20,000 அளவிலேயே நின்றது. இதற்குக் காரணம் யாது? இறந்தவற்றின் இடத்தை இளம்புறாக்கள் விரைவில் நிரப்பின. இரை மிகுந்துள்ளவரை இனமும் பெருகுமன்றோ?

இவ்வுண்மையை உணர்ந்த நகரத்தார் 1988இல் புதுவழி கண்டனர். அளவின்றி இரையிடுதல் அருளன்று என்றும், அது நெருக்கத்தையும் நோயையும் வளர்த்துப் பறவைகளையே வருத்தும் என்றும் மக்களுக்கு எடுத்துரைத்தனர். சில கட்டடங்களில் புறாக்கூடுகள் அமைத்து, அங்கு இடப்பட்ட முட்டைகளை அகற்றினர். நான்கு ஆண்டுகளுக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் புறாக்களின் தொகை ஏறத்தாழப் பாதியாயிற்று.

மனையைக் காக்க விரும்புவோர் முதலில் இரையிடுதலை நிறுத்த வேண்டும். பின்னர், முட்டையும் குஞ்சும் இல்லாத காலம் பார்த்து, இடுக்குகளை அடைத்து வலை கட்ட வேண்டும். கல்லும் கண்ணியும் செய்யாததை அறிவோடு கூடிய அருள் செய்யும்.